திசு வாழை வேறு, மரபணு மாற்றம் வேறு: புதிய பயிர் ரகங்களுக்கு ஆய்வகம் செய்யும் வேலை என்ன?

பழக்கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "ஜி-9 வேண்டாம். அது திசு வாழை. மரபணுவை மாற்றி விதையே இல்லாமல் செய்துவிட்டார்கள். குழந்தைக்கு அதைக் கொடுக்க முடியுமா?" சொல்லிவிட்டுப் பக்கத்தில் தொங்கிய பூவன் தாரில் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போனார்.

பூவனிலும் முளைக்கிற விதை கிடையாது. ரஸ்தாளியில் கிடையாது, நேந்திரனில் கிடையாது. பழத்தை நறுக்கினால் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள், விதையாக வேண்டியவை விதையாகாமல் நின்றுபோன சுவடுகள். நம் பாட்டன்களுக்குப் பாட்டன்கள் காலத்திலேயே வாழை அப்படித்தான் இருந்தது. அவருடைய அக்கறை நியாயமானது. அவருக்குக் கிடைத்த தகவல்தான் தவறு. திசு வளர்ப்பு, வீரிய ஒட்டு, மரபணு மாற்றம், மரபணுத் திருத்தம் என்று வெவ்வேறு வேலைகளை ஒரே மூட்டையில் கட்டி "லேப்பில் செய்தது" என்று பேசிப் பழகிவிட்டோம். மேடையில் பேசுகிறவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

எந்தத் தொழில்நுட்பத்தின் பெயரைக் கேட்டாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இது செடியின் மரபணுவை என்ன செய்தது? நகல் எடுத்ததா, கலந்ததா, படித்து மட்டும் பார்த்ததா, புதிதாகச் செருகியதா?

முதலில், மரபணு என்றால் என்ன?

பாட்டி எழுதி வைத்த சமையல் குறிப்பேடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பண்டத்துக்கான குறிப்பு இருக்கிறது. செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படி ஒரு முழு ஏடு உண்டு. அது எழுதப்பட்டிருக்கும் பொருளுக்குப் பெயர் டி.என்.ஏ. அதில் ஒரு குறிப்பு, அதாவது ஒரு பண்புக்கான செய்முறை, மரபணு. தண்டு எவ்வளவு உயர வேண்டும், எந்த நோயைத் தாங்க வேண்டும், அரிசி சன்னமா மோட்டாவா என்பதெல்லாம் இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

வேர் நுனியில் இருக்கும் செல்லிலும் இலையில் இருக்கும் செல்லிலும் இருப்பது ஒரே முழு ஏடுதான். இதை நினைவில் வையுங்கள். திசு வளர்ப்பு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

வயலில் நடக்கும் பழைய வேலை: கலப்பு

இரண்டு ரகங்களின் நல்ல குணங்களை ஒரே செடியில் சேர்க்க வேண்டுமானால், ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் சூலகத்தில் சேர்க்க வேண்டும். இதுதான் கலப்பு. சொல்ல ஒரு வரி. செய்ய நல்ல கண்ணும் நடுங்காத கையும் வேண்டும்.

நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நெல் பூவுக்குள் பெண் பகுதியும் ஆண் பகுதியும் சேர்ந்தே இருப்பதால், விட்டால் அது தன்னையே சூல்கொள்ளச் செய்துவிடும். அதனால் பூ விரிவதற்கு முன்பே உமியின் மேல்முனையைச் சிறு கத்தரியால் வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ வீண். பிறகு காகித உறை போட்டு மூடிவிட்டு, மறுநாள் வெயில் ஏறி நெல் பூக்கும் நேரத்தில் தந்தை ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டுகிறார்கள். ஒரு கதிரில் சில பத்து விதைகள் தேறினால் அன்றைக்கு நல்ல நாள்.

அப்படிப் பிறக்கும் செடியின் ஏட்டில் பாதி அம்மா வீட்டுக் குறிப்பு, பாதி அப்பா வீட்டுக் குறிப்பு. அதன் பிள்ளைகளில் பக்கங்கள் விதவிதமாகக் கலைந்து சேரும். ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கிறார் பயிர் இனப்பெருக்க விஞ்ஞானி.

இந்த முறையின் வலிமையைப் பார்க்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. தடித்து இனிக்கும் கரும்பையும், நாணல் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கரும்பையும் அங்கே கலந்தார்கள். காட்டுக் கரும்பில் சாறு குறைவு, ஆனால் எதையும் தாங்கும் உறுதி உண்டு. அந்தக் கலப்பில் வந்த கோ 205 ரகம் 1918-ல் வெளியாகி வட இந்தியக் கரும்பு வயல்களின் போக்கையே மாற்றியது. கோயம்புத்தூரின் முதலெழுத்துதான் அந்தக் "கோ".

ஆனால் வயல் வேலைக்கு மூன்று முட்டுக்கட்டைகள் உண்டு. காலம் பிடிக்கும், ஒரு ரகம் நிலைபெற எட்டு, பத்து ஆண்டுகள் ஆகலாம். சில ஜோடிகள் சேர்ந்தாலும் விதை பிழைக்காது. சில குணங்கள் கண்ணுக்கே தெரியாது. ஆய்வகம் உள்ளே வருவது இந்த இடங்களில்தான், கலப்பு செய்பவரின் வேலையைப் பறிக்க அல்ல, அவர் திணறும் இடத்தில் கைகொடுக்க.

திசு வளர்ப்பு: நகல் எடுப்பது

முருங்கைக் கொம்பை வெட்டி நட்டால் அதே முருங்கை வளர்கிறது. வாழைக் கிழங்கிலிருந்து பக்கக் கன்று வருகிறது. "வாழையடி வாழையாக" என்று வாழ்த்தும்போது நாம் சொல்வதே இந்த நகலைத்தான். விதை வழியாக வந்தால் கலப்பு. கன்று வழியாக வந்தால் நகல். திசு வளர்ப்பு, கன்று எடுப்பதையே கண்ணாடிப் புட்டிக்குள் செய்வது.

ஒரு செல்லிலிருந்து முழுச் செடியையே வளர்க்க முடிய வேண்டும் என்று 1902-லேயே ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் எழுதினார். அவரால் அதைச் செய்துகாட்ட முடியவில்லை. 1957-ல் ஸ்கூக், மில்லர் இருவரும் சாவியைக் கண்டுபிடித்தார்கள். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு வளர்ச்சி ஊக்கிகளில் முதலாவது கூடினால் வேர் விடும். இரண்டாவது கூடினால் தளிர் விடும். 1962-ல் முராஷிகேயும் ஸ்கூக்கும் வகுத்த ஊட்டக் கலவையைத்தான் இன்றும் உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் காய்ச்சுகின்றன.

கிட்டத்தில் பார்த்தால் வேலை இப்படி நடக்கிறது. நோயில்லாத தாய் மரத்தின் கன்றைத் தோண்டி எடுத்து, வெங்காயம் உரிப்பதுபோல மட்டை மட்டையாக உரிக்கிறார்கள். உள்ளே போகப் போக வெள்ளையாகி, கடைசியில் சிறு கூம்பு மட்டும் மிஞ்சும். அதுதான் வளர் நுனி. அதைக் கிருமி நீக்கி, சர்க்கரை, தாது உப்புகள், ஊக்கிகள் கலந்து கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரால் உறைய வைத்த கூழில் ஊன்றுகிறார்கள். சில வாரங்களில் ஒரு நுனி ஒரு கொத்துத் தளிராகிறது. பிரித்து மறுபடியும் புதுப் புட்டியில் ஊன்றுகிறார்கள். உறைமோர் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலில் ஊற்றுவதுபோல, ஒன்றிலிருந்து பல. கடைசியில் வேர்விடச் செய்து, நிழல்வலைக்குள் தென்னை நார்க்கழிவில் வைத்துப் பழக்கி வெளியே அனுப்புகிறார்கள். புட்டிக்குள் ஈரக் காற்றிலேயே வளர்ந்த செடிக்கு வெளிக்காற்று பழகாவிட்டால் ஒரே நாளில் துவண்டுவிடும்.

இதில் எங்காவது மரபணு மாற்றப்பட்டதா? இல்லை. தாய் மரத்தின் ஏடு அப்படியே நகலாகியிருக்கிறது. ஜி-9 என்பது கேவண்டிஷ் குடும்ப வாழை ரகம் ஒன்றின் பெயர். திசு வளர்ப்பு, அதைப் பெருக்கும் வழி. இதே வழியில் செவ்வாழையையும் நேந்திரனையும் பெருக்குகிறார்கள்.

நகல் எடுப்பதன் உண்மையான பயன் எண்ணிக்கை மட்டுமல்ல, சுத்தம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன விருப்பாட்சி மலைவாழையை நினைத்துப் பாருங்கள். அசுவினிப் பூச்சியாலும் நோயுள்ள கன்றுகளாலும் பரவும் முடிக்கொத்து நோய், திண்டுக்கல் மாவட்டத்தின் சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் அந்த வாழையைச் சூறையாடியது. நோய் கண்ட மரத்தில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நின்றுவிடும், தார் வராது. வாழைக்கு மருந்து அடித்து இந்த வைரஸை விரட்ட முடியாது. ஆனால் வைரஸ் பெரும்பாலும் சாறு ஓடும் குழாய்களின் வழியே நகர்கிறது. வளர் நுனியின் உச்சியில் அந்தக் குழாய்கள் இன்னும் உருவாகியிருக்காது. அந்த நுனியை எடுத்து வளர்த்து, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்துத் தேறியதை மட்டும் பெருக்கினால் சுத்தமான கன்று கிடைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த வழியில்தான் மலைவாழையை மீட்கப் பாடுபட்டது.

இங்கே இரண்டாவது தவறான நம்பிக்கை ஒன்று உண்டு: "திசு வாழைக்கு நோயே வராது." வரும். நோயில்லாமல் வருவது வேறு, நோயைத் தாங்குவது வேறு. குளித்துவிட்டு வந்த பிள்ளை சேற்றில் இறங்கினால் சேறு ஒட்டத்தான் செய்யும். நகல்கள் அத்தனையும் ஒரே ஏடு என்பதால், ஒன்றைத் தாக்கும் நோய் தோட்டம் முழுவதையும் தாக்க வல்லது. இன்னொன்று, அளவுக்கு மீறி நகலெடுத்தால் எழுத்துப்பிழை சேர்ந்து குட்டைச் செடிகளும் ஒழுங்கற்ற தார்களும் வரலாம். அதனால்தான் ஒரு நுனியிலிருந்து எத்தனை முறை பிரிக்கலாம் என்பதற்கு நல்ல ஆய்வகங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. கன்று வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் வைரஸ் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள்.

சுருக்கமாக: திசு வளர்ப்பு நகல் எடுக்கிறது. புதிய குணம் எதையும் சேர்ப்பதில்லை.

கரு மீட்பு: குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுவதுபோல

சில கலப்புகளில் சூல் பிடிக்கும், கரு உருவாகும். ஆனால் அதற்குச் சோறாக அமைய வேண்டிய விதையின் மாவுப் பகுதி சரியாக வளராது. கரு பட்டினியில் சாகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இன்குபேட்டரில் வைத்துக் காப்பதுபோல, கரு சாவதற்குள் விதையைப் பிளந்து அதை எடுத்து, புட்டிக்குள் ஊட்டக் கூழில் வளர்ப்பதுதான் கரு மீட்பு.

இதன் அருமை தெரிய மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே நைஜர் ஆற்றங்கரை மக்கள் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தங்களுக்கென்று ஒரு நெல்லைப் பழக்கியிருந்தார்கள். அது நம் ஆசிய நெல் அல்ல, வேறு இனம். அகன்று சாயும் இலைகளால் களையை அமுக்கும், வறட்சியைத் தாங்கும். ஆனால் கதிர் முற்றினால் மணி உதிரும், பயிர் சாய்ந்துவிடும், விளைச்சல் குறைவு. ஆசிய நெல் நிறைய விளையும், ஆனால் அந்த மண்ணின் களையையும் வறட்சியையும் தாங்காது. இரண்டையும் சேர்த்தால் பிறப்பவை பெரும்பாலும் மலடாகின.

சியரா லியோனைச் சேர்ந்த மான்டி ஜோன்ஸ் தலைமையில் ஐவரி கோஸ்ட்டில் 1990களில் இதற்கு வழி கண்டார்கள். கரு மீட்பும், அடுத்து நாம் பார்க்கப்போகும் மகரந்தப்பை வளர்ப்பும், மறுபடி மறுபடி செய்த கலப்பும் சேர்ந்து பிறந்தவை நெரிக்கா ரகங்கள். "ஆப்பிரிக்காவுக்கான புதிய நெல்" என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். ஜோன்ஸுக்கு 2004-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நெரிக்காவையும் மரபணு மாற்றப் பயிர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நடந்தது நெல்லுக்கும் நெல்லுக்கும் கலப்பு. புட்டி வெறும் தொட்டில்.

மகரந்தப்பை வளர்ப்பு: பத்து வருடத்தைச் சுருக்குவது

கலப்பில் பிறந்த செடியில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பிரதிகள் உண்டு, அம்மாவுடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. இரண்டும் வேறாக இருக்கும்வரை அதன் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மாதிரி வரும். விவசாயிக்கு வேண்டியது விதைத்தால் ஒரே மாதிரி வரும் ரகம். அதற்கு ஆறு, ஏழு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

குறுக்கு வழி ஒன்று 1964-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தைப் பூவின் மகரந்தப் பையை ஊட்டக் கூழில் வைத்திருந்தார்கள். மகரந்தத்திலிருந்தே கன்றுகள் எழும்பின. மகரந்தத்தில் எல்லாக் குறிப்புக்கும் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. நெல்லில் 24-க்குப் பதில் 12 குரோமோசோம், அதாவது ஏட்டின் தனித்தனி நூற்கட்டு. அப்படி வளர்ந்த செடியில் அந்த ஒற்றைப் பிரதியை இரட்டிப்பாக்கினால் இரண்டும் நூற்றுக்கு நூறு ஒன்றாகிவிடும். பல ஆண்டு வேலை ஒரு தலைமுறையில் முடிகிறது.

இரட்டிப்பாக்கப் பயன்படும் மருந்தின் பெயர் கோல்சிசின். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளிலிருந்தும்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்களே, அந்த விதையில் கோல்சிசின் இருக்கிறது. உலகத்தின் பயிர் ஆய்வகங்களுக்கும் நம் ஊர்த் தோட்டத்துக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதுவரை பார்த்தவை: திசு வளர்ப்பு நகல், கரு மீட்பு கலப்புக்கு உதவி, மகரந்தப்பை வளர்ப்பு கலப்பின் விளைவைச் சீக்கிரம் நிலைப்படுத்துவது. மூன்றிலும் வெளியிலிருந்து ஒரு மரபணுவும் நுழையவில்லை.

குறியீட்டுத் தேர்வு: புளியமரத்துக்குப் பக்கத்து வீடு

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம் சம்பாப் பயிர் மூழ்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். மூழ்கிய நெல் சாதாரணமாக என்ன செய்யும்? தண்ணீருக்கு மேலே தலை தூக்கிவிடலாம் என்று அவசரமாக நீளும். சேமித்த மாவுச்சத்து முழுவதையும் அதில் செலவழித்துவிட்டு, நீர் வடியும்போது சோர்ந்து விழுந்துவிடும்.

ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் மட்டும் நேர்மாறாக நடந்துகொள்ளும். மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி மூச்சடக்கி இருக்கும். நீர் வடிந்ததும் மிச்சம் வைத்த சத்தைக் கொண்டு மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் விளைச்சல் குறைவு, அரிசியும் யாரும் விரும்பாதது. விஞ்ஞானிகள் அதை நல்ல ரகங்களோடு கலந்து பார்த்தார்கள். தாங்கும் குணம் வந்தது. வேண்டாத குணங்களும் கூடவே வந்தன. விவசாயிகள் ஏற்கவில்லை.

இதற்கு வழக்கமான மருந்து பின்கலப்பு: பிறந்த கலப்பை நல்ல ரகத்தோடேயே மறுபடி மறுபடி கலப்பது. ஒரு டம்ளர் கடுங்காப்பியில் பாதியைக் கொட்டிவிட்டுப் பாலை ஊற்றுங்கள். மறுபடி பாதியைக் கொட்டிப் பாலை ஊற்றுங்கள். நான்கு முறை செய்தால் காப்பி ஏறத்தாழ 6 சதவீதம்தான் மிஞ்சும். அப்படித்தான் வேண்டாத குறிப்புகள் குறைகின்றன. ஆனால் டம்ளருக்குள் ஒரே ஒரு ஏலக்காய் கிடக்கிறது. அதுதான் நமக்கு வேண்டிய மரபணு. ஒவ்வொரு முறை கொட்டும்போதும் அது போய்விட்டதா, இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தலைமுறையிலும் செடிகளை மூழ்கடித்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் குறியீடு உதவுகிறது. ஊரில் ஒரு வீட்டைச் சொல்ல "புளியமரத்துக்குப் பக்கத்து வீடு" என்போம். வீடு கண்ணில் படாவிட்டாலும் மரம் தெரிந்தால் வந்துவிட்டோம் என்று தெரியும். வேண்டிய மரபணுவுக்கு மிக அருகில் டி.என்.ஏ.வில் இருக்கும், எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு துண்டுதான் குறியீடு. நாற்றின் இலையில் நகக்கண் அளவு கிள்ளி எடுத்து நசுக்கி, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பி.சி.ஆர். முறையில் பார்த்தால் புளியமரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லாத நாற்றுகளைக் கழித்துவிடலாம். செடி மூழ்கவும் வேண்டாம், பூக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

1990களில் இந்த மரபணுவின் இருப்பிடம் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் என்று தெரிந்தது. 2006-ல் மரபணுவே அடையாளம் காணப்பட்டது. அதற்குச் சப்-1 என்று பெயர். கோடிக்கணக்கானோர் உண்ணும் ஸ்வர்ணா ரகத்தில் அதைப் பின்கலப்பால் சேர்த்து, ஸ்வர்ணா சப்-1 என்று 2009-ல் இந்தியாவில் வெளியிட்டார்கள். அரிசி அதே ஸ்வர்ணா அரிசி. மூழ்கினால் மட்டும் நடத்தை வேறு. நம் டெல்டாவில் பொன்மணி என்று தெரிந்த சி.ஆர்.1009-க்கும் இதேபோல சி.ஆர்.1009 சப்-1 வந்திருக்கிறது.

சப்-1 மரபணு எப்படி உள்ளே போனது? மகரந்தத்தின் வழியாக, கத்தரியும் இடுக்கியும் காகித உறையும் கொண்டு. ஆய்வகம் படித்து மட்டும் சொன்னது.

அப்படியானால் மரபணு மாற்றம் எது?

மகரந்தத்தின் துணையில்லாமல், ஒரு மரபணுவை ஆய்வகத்தில் பிரித்தெடுத்து நேரடியாக வேறொரு செடியின் செல்லுக்குள் சேர்ப்பதுதான் மரபணு மாற்றம். பெரும்பாலும் அந்த மரபணு கலப்பால் ஒருபோதும் வர முடியாத உயிரினத்திலிருந்து வரும். இந்தியாவில் 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் இருப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. பி.டி. கத்தரிக்காயை 2010-ல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. கடையில் தொங்கும் ஜி-9 தார் எதிலும் இப்படிச் செருகப்பட்ட மரபணு கிடையாது.

குழப்பம் வரக் காரணம் எனக்குப் புரிகிறது. மரபணு மாற்றம் செய்பவர்களும் திசு வளர்ப்பைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு செல்லில் மரபணுவைச் சேர்த்த பிறகு, அந்தச் செல்லிலிருந்து முழுச் செடியை வளர்த்தாக வேண்டுமே! ஆகவே மரபணு மாற்றப் பயிர்கள் பெரும்பாலும் திசு வளர்ப்பு வழியாக வருகின்றன. அதற்காகத் திசு வளர்ப்பில் வந்ததெல்லாம் மரபணு மாற்றப் பயிர் ஆகிவிடாது. அடுப்பில் கஷாயமும் காய்ச்சுகிறோம், பாயசமும் காய்ச்சுகிறோம்.

சமீபத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மரபணுத் திருத்தம். ஏட்டில் புதுப் பக்கம் ஒட்டாமல், இருக்கிற பக்கத்திலேயே ஒரு சொல்லை அடித்துத் திருத்துவது. 2025 மே மாதம் இந்தியா அறிவித்த இரண்டு நெல் ரகங்கள் இந்த வகை. இதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இருக்கிறார்கள். விதை யாருக்குச் சொந்தம், சோதனை போதுமா என்ற கேள்விகள் உண்மையானவை, கேட்கப்பட வேண்டியவை. அவற்றைத் திசு வாழையின் மேல் ஏற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் எளிதாகத் தப்பித்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கவலை.

புட்டியிலிருந்து வயலுக்கு

ஆய்வகத்தில் எவ்வளவு வேகமாக வேலை நடந்தாலும் கடைசிப் பரீட்சை வயலில்தான். கரு மீட்பில் வந்ததோ, குறியீடு பார்த்துத் தேர்ந்ததோ, எல்லாமே பல ஊர்களில், பல பருவங்களில் மற்ற ரகங்களோடு பக்கத்துப் பக்கத்தில் நடப்பட்டு விளைந்து காட்ட வேண்டும். விஞ்ஞானி சேற்றில் இறங்கிக் கதிரைக் கையால் எண்ணுகிறார், பூச்சி பார்க்கிறார், அரைத்துப் பார்க்கிறார், சோறாக்கிப் பார்க்கிறார்.

விதையைப் பற்றித்தான் கடைசியாக எல்லோரும் கேட்பார்கள்: "இதில் விதை எடுத்து வைக்கலாமா?" முதல் தலைமுறைக் கலப்பையே விற்கும் வீரிய ஒட்டு விதை என்றால், அடுத்த தலைமுறையில் குணம் கலைந்துவிடும், ஆண்டுதோறும் வாங்க வேண்டியதுதான். ஆனால் சி.ஆர்.1009 சப்-1 நிலைபெற்ற ரகம். அறுவடையில் கலப்பில்லாத கதிர்களைப் பார்த்துத் தனியே அடித்து, நன்றாகக் காயவைத்து, அடுத்த சம்பாவுக்கு விதை நெல்லாகக் கட்டி வைக்கலாம்.